மூன்றாவது தாயக்கட்டை

1

நாங்கள் ஒஹையோவுக்கு வந்து இந்தக் கோடையோடு பத்து வருடம் ஆகிறது. அதைக் கொண்டாட என் மனைவி கோமதி ரவா கேசரி கிளறினாள். பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, இது காலைச் சாப்பாடா இனிப்பா என்று கேட்டாள். எங்களைப் பற்றி இங்கே உள்ளவர்களுக்கு இன்னும் தீராத சந்தேகங்களில் அதுவும் ஒன்று.

அன்றைக்குத்தான் என் மகள் வித்யா தன் அறையை ஒழித்துக்கொண்டிருந்தாள். பதினாறு வயதாகிவிட்டது. சின்னப் பிள்ளை விளையாட்டெல்லாம் இனிமேல் வேண்டாம் என்று ஓர் அட்டைப்பெட்டியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குத் தூக்கிக் கொடுத்தாள். கொடுப்பதற்கு முன் அதிலிருந்து ஒரு தாளை மட்டும் உருவி என்னிடம் நீட்டினாள்.

"இது உங்க ஆளு, அப்பா. வச்சுக்கோங்க."

தாளில், நெற்றியில் லாரி விளக்கு மாட்டிய ஒரு தடித்த மனிதனைப் பென்சிலால் வரைந்திருந்தாள். மேலே ஆங்கிலத்தில் 'ரிக்மேன்' என்று பெயர். திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆட்களுக்குப் பெயரைக் கேட்டதும் சிரிப்பு வரும். எங்கள் பக்கத்தில் ஏதாவது ஒரு வீட்டில் ஒருவராவது ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியோடு வடக்கே போயிருப்பார். என் தங்கை சரசுவின் கணவரும் அப்படித்தான். வருடத்தில் பாதி நாள் மத்தியப் பிரதேசத்தில் எங்காவது பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பார். அந்தக் கதையை வித்யாவிடம் நான் சொன்னதன் விளைவு இந்த ரிக்மேன்.

கேசரியை நான் பாதியிலேயே வைத்துவிட்டேன். ஏன் என்று ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்லலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். இங்கே இருப்பவர்களிடம் சொன்னால், எல்லாம் நல்லபடியாகத்தானே முடிந்தது என்பார்கள்.

2

வித்யாவுக்குப் பதிமூன்று வயதில் பிடித்த பைத்தியம் அந்த விளையாட்டு. சனிக்கிழமை மத்தியானம் அவளும் அவள் பள்ளித் தோழிகள் மூன்று பேரும் எங்கள் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொள்வார்கள். கட்டம் கிடையாது, காய் கிடையாது. ஒருத்தி கதை சொல்வாள்: நகரத்தில் பாலம் இடிகிறது, வங்கியில் கொள்ளைக்காரர்கள் புகுந்துவிட்டார்கள். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு சாகச வீரன். ஒருத்தி பறப்பாள், ஒருத்தி நெருப்பைத் தின்பாள். என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்லிவிட்டுக் கட்டையை உருட்டுவார்கள். நடந்ததா இல்லையா என்பதைக் கட்டை சொல்லும்.

நம் ஊர்த் தாயக்கட்டை போல நீளமாக இருக்காது. சர்க்கரைக் கட்டி அளவில் ஆறு முகம். நான் வாயில் வருவதை மாற்ற முடியாமல் தாயக்கட்டை என்றே சொல்வேன். தோழிகளும் கொஞ்ச நாளில் 'தாயா' என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள். வித்யாவுக்கு அதில் ஒரே வெட்கம்.

ஒரு சனிக்கிழமை ஒரு தோழிக்குக் காய்ச்சல். ஆள் குறைகிறது என்று என்னைக் கூப்பிட்டாள். அப்படித்தான் ரிக்மேன் பிறந்தான். விதி எளிது. எதைச் செய்வதானாலும் இரண்டு கட்டை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை போதுமானதாக இருந்தால் காரியம் நடக்கும். போதாது என்று பட்டால் மூன்றாவது கட்டையை எடுக்கலாம். அது கொடுக்கிற எண்ணிக்கை அப்படியே பலத்தோடு சேரும். ஆனால் மூன்றாவது கட்டையில் ஒன்று விழுந்தால் பலம் கைமீறி வெடிக்கும். அடி அந்த வீரனுக்கு இல்லை, பக்கத்தில் நிற்பவருக்கு.

முதல் முறை யாருக்கோ ஒன்று விழுந்தபோது நான் சந்தோஷமாக, "தாயம்" என்றேன். நான்கு வயதில் பழகியது. நம் ஆட்டத்தில் ஒன்று விழாமல் காய் உள்ளேயே இறங்காது. மேசையில் இருந்த மூன்று பேரும் என்னைப் பாவியைப் போலப் பார்த்தார்கள்.

அன்றைய கதையில் ஒரு சுரங்கம் சரிந்து ஆட்கள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். ரிக்மேன்தான் துளைத்துக்கொண்டு கீழே போக வேண்டும். நான் இரண்டு கட்டையை உருட்டினேன். போதவில்லை.

"மூணாவதை எடுங்க அப்பா," என்றாள் வித்யா.

"ஒன்று விழுந்தால்?"

"ஆறில் ஒரு தடவைதான் விழும்."

"அதைத்தான் நானும் சொல்கிறேன். ஆறில் ஒரு தடவை விழும்."

நான் எடுக்கவில்லை. அடுத்த சுற்றிலும் எடுக்கவில்லை. பத்திரமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் துளைத்துக்கொண்டே போனேன். நான் போய்ச் சேரும்போது உள்ளே யாரும் உயிரோடு இல்லை என்று கதை சொல்கிறவள் அறிவித்தாள்.

நான் என் ஆளுக்கு ஒரு கீறலும் இல்லை என்றேன். வித்யா கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னாள்: "ஆமாம். உங்கள் ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை."

3

அந்த மாதத்தில்தான் அம்மாவின் கால் தடுமாற ஆரம்பித்தது.

அம்மாவைப் பற்றி இரண்டு வார்த்தை. அப்பா போன பிறகு நிலக்கடலைக் காட்டை நம்பிப் பயனில்லை என்று கண்டு, எங்கள் பக்கத்தில் பலருக்கு முன்னாலேயே கோழிப்பண்ணை போட்டவர். விடிந்ததும் கொட்டகைக்குள் நுழைந்தால் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை கூண்டு கூண்டாகப் பார்த்துக்கொண்டே நடப்பார். எந்தக் கோழி தீவனம் எடுக்கவில்லை என்று நடந்துதான் அவருக்குத் தெரியும். அந்தப் பண்ணைதான் என்னை இன்ஜினியருக்குப் படிக்க வைத்தது. விமானம் ஏற்றியது.

அந்த அம்மா கொட்டகையில் விழுந்தார். ஒரு தடவை இல்லை, பல தடவை. கால் ரப்பர் மாதிரி இருக்கிறது என்றார். சரசு அவரைச் சேலத்துக்கும் அங்கிருந்து கோயமுத்தூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனாள். முதுகெலும்புக்குள்ளே ஒரு கட்டி வளர்ந்து நரம்பை நெரிக்கிறது என்றார்கள்.

நான் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்ப முடியாததற்குக் காரணம் இருந்தது, அதுவும் சட்டப்படியான காரணம். எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் அப்போது பரிசீலனையில் இருந்தது. நடுவில் அனுமதி வாங்காமல் நாட்டை விட்டுப் போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். அவசரம் என்று அனுமதி கேட்கலாம். வக்கீல் ஒருவரைப் பார்த்தேன். அவர் மிகவும் நல்ல மனிதர். "தாராளமாகக் கேளுங்கள். கிடைக்கலாம். கிடைத்துப் போனாலும், திரும்பி வரும்போது உள்ளே விடுவார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது," என்றார்.

தொழிற்சாலையில் என் மேலதிகாரியிடம் போய், "என் அம்மா சீரியஸ்" என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்து, "எப்போதுமே அப்படித்தானா? சிரிக்கவே மாட்டார்களா?" என்று கேட்டார். நம் ஊரில் ஒரு வார்த்தையில் எல்லோருக்கும் புரிகிற விஷயம் இங்கே அப்படி ஆகிறது. நான் விளக்கிச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. எத்தனை நாள் வேண்டுமானாலும் லீவு எடுத்துக்கொள் என்றார்.

லீவு இருந்தது. அனுமதிக்கு நான் விண்ணப்பிக்கவே இல்லை. அதைத்தான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. கேட்டு, அவர்களும் கொடுத்துவிட்டால் போய்த்தானே ஆக வேண்டும் என்று பயந்தேன்.

4

ஒரு நாள் காலை ஏழு மணிக்குத் தொலைபேசி மணி அடித்தது. அங்கே சாயங்காலம். திருச்செங்கோட்டில் தீவனக் கடைக்காரர் வீட்டுத் தொலைபேசியில் டிரங்க் கால் போட்டுவிட்டு, மத்தியானத்திலிருந்து காத்திருந்தாளாம் சரசு. அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

"அண்ணா, டாக்டரு ரெண்டும் சொல்றாருங்க. ஆப்பரேசன் பண்ணுனா எந்திரிச்சு நடக்கலாமுங்க. இல்லாட்டி இப்ப இருக்கற அசைவுங்கூடப் போயிருமாமுங்க. உசுருக்கே ஆகலாம்னும் சொல்றாருங்க."

"பண்ணாவிட்டால்?"

"கொஞ்சங் கொஞ்சமா ரெண்டு காலும் போயிருமுங்க. நேத்து இருந்த காலு இன்னைக்கு இல்லீங்கண்ணா."

"மாப்பிள்ளை என்ன சொல்றார்?"

"அவரு வண்டியோட எங்க இருக்கறாருன்னே தெரியலீங்க. தந்தி குடுத்திருக்கறேன். நீங்க சொல்லுங்கண்ணா. பண்ணலாமுங்களா?"

நான் அன்றைக்குப் பேசியதை அப்படியே எழுதுகிறேன். "அவசரப்படாதே சரசு. கத்தி வச்சு ஏதாவது ஆயிட்டா அப்புறம் நம்மால தாங்க முடியாது. இப்ப வேண்டாம். மருந்து குடுத்துப் பார்க்கட்டும். நான் வந்து முடிவு பண்ணிக்கலாம்."

"நீங்க எப்பங்கண்ணா வருவீங்க?"

கம்பியில் இரைச்சல்தான் கேட்டது. "பேப்பர் வந்ததும்," என்றேன்.

பிறகு, "சரிங்கண்ணா," என்றாள். தொடர்பு போய்விட்டது.

தொலைபேசியை வைத்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பசித்தது. உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனேன். பொறுப்பாக ஒரு பதில் சொல்லிவிட்டோம் என்று இருந்தது.

5

அடுத்த அழைப்பு கோயமுத்தூரிலிருந்து வந்தது.

"ஆப்பரேசன் முடிஞ்சுதுங்கண்ணா. அம்மா கண்ணு முழிச்சுட்டாங்க."

நான் முதலில் அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. "யாரைக் கேட்டுப் பண்ணினே?" என்றேன்.

"யாரையுங் கேக்கலீங்க. நாந்தான் கையெழுத்துப் போட்டனுங்க."

"நான் வேண்டாம்னு சொன்னேன் இல்லையா?"

"ஆமாங்க. வேண்டாம்னுதான் சொன்னீங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. களைத்திருந்தாள். கால் எப்படி என்று அப்புறந்தான் கேட்டேன். இரண்டு காலும் அசையவில்லை என்றாள். வீக்கம் வடிந்தால்தான் தெரியும், வடிந்தும் அசையாமல் போகலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

அதன் பிறகு வந்த வாரங்களை நினைத்தால் எனக்கே என் மேல் அருவருப்பாக இருக்கிறது. அம்மாவுக்காகச் சாமி கும்பிட்டேன், உண்மைதான். ஆனால் உள்ளே ஒரு மூலையில் எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது. நாளைக்கு ஏதாவது ஆனால் அது என் தலையில் விழாது. கோமதியிடம் ஒரு நாள், "நான் படித்துப் படித்துச் சொன்னேன், அவள் கேட்கவில்லை," என்றேன்.

கோமதி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். "அத்தை எந்திரிச்சு நடந்தாங்கன்னா அப்பவும் இதே மாதிரி சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். நான் எழுந்து போய்விட்டேன்.

வித்யா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள் போலிருக்கிறது. என் அம்மா அவளுக்கு ஆத்தா. ஆத்தா என்றால் ஆறு வயதில் பார்த்த ஒரு முகம், கோழிக் கொட்டகையின் வாடை, அவ்வளவுதான். தொலைபேசியில் ஆத்தாவிடம் பேசச் சொன்னால், "நல்லா இருக்கறேன்" என்று ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். அவள் நம்மிடமிருந்து விலகிப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று நானும் கோமதியும் பேசிக்கொள்வதுண்டு. அந்த வாரம் என்னைக் காரில் பள்ளிக்கூடம் கூட்டிப்போகச் சொன்னவள், வழியில் கேட்டாள்.

"சரசு அத்தை பக்கத்துல யாரு இருந்தா, அப்பா?"

"ஆஸ்பத்திரியிலா? யாரும் இல்லை."

"அப்போ தப்பாப் போனா அத்தையை எல்லாரும் திட்டுவாங்க. நீங்களும்."

தமிழில்தான் சொன்னாள், தட்டுத்தடுமாறி, ஆங்கிலத்துக்குப் போகாமல். நான் சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை விழுந்தும் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான்.

பிறகு ஒரு நாள் சரசுவின் குரல் வேறு மாதிரி வந்தது. "அண்ணா, கட்டவெரலு ஆடுதுங்க. ரெண்டு காலுலயும் ஆடுதுங்க." சொல்லிவிட்டு அழுதாள். அதற்கு முன் எந்த அழைப்பிலும் அவள் அழுததில்லை.

6

கிரீன் கார்டு கைக்கு வந்ததும் நானும் வித்யாவும் கிளம்பினோம். கோமதிக்கு லீவு கிடைக்கவில்லை. சேலத்தில் பஸ் மாறி, திருச்செங்கோட்டில் இறங்கி, காரில் ஊர் போய்ச் சேர்ந்தபோது அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு தடி, அவ்வளவுதான். இடது கால் கொஞ்சம் இழுத்தது.

"வா சாமி," என்றார். வித்யாவின் கன்னத்தைத் தடவி, "என்ற கண்ணு, எத்தாச்சோடு வளந்துட்டா," என்றார். வித்யாவுக்குப் பாதி புரியவில்லை. ஆனாலும் அவர் கையை விடவில்லை.

சாயங்காலம் அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக் கதையைச் சொன்னார்.

"நான் ஆகாதுன்னு ஒரே புடியா நின்னனுங்க. கெடந்தாலும் கெடக்கறேன், முதுகுல கத்தி வெக்க உடமாட்டேன்னு. அப்பறம் சரசு வந்து சொன்னா. அண்ணங்கிட்டப் பேசிட்டேனுங்கம்மா, அண்ணன் தைரியமாப் பண்ணச் சொல்லிட்டாருன்னா. என்ற மகன் படிச்சவன், அத்தனை தூரத்துல இருந்து நாலும் விசாரிக்காமச் சொல்லுவானா? கண்ணை மூடிட்டுப் படுத்துட்டேன். இன்னைக்கு நடக்கறேன்னா அவஞ்சொன்ன ஒரு சொல்லுதானுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் என் முதுகைத் தட்டினார். நான் சரசுவைத் தேடினேன். அவள் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை கொட்டகையில் அவளைப் பிடித்தேன். தீவனத்தை அள்ளி அள்ளிக் கூண்டுக்கு முன்னால் இருந்த தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். அங்கே கோழிகள் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நின்றால்தான் பேச்சுக் கேட்கும்.

"ஏன் சரசு அப்படிச் சொன்னே?"

"வேற எதைச் சொன்னாலும் அம்மா ஒத்துக்க மாட்டாங்கண்ணா. டாக்டரு சொல்லிப் பாத்தாரு. நான் சொல்லிப் பாத்தேன். உங்க பேரைச் சொன்னதும் சரின்னுட்டாங்க."

"நான் இன்றைக்கே அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்."

கையை நிறுத்தாமலே அவள் கேட்டாள். "சொன்னா உங்க மனசு லேசாகுமுங்க. அம்மாளுக்கு என்ன ஆகுமுங்க?"

நான் நின்றேன். தொட்டி தொட்டியாக நகர்ந்துகொண்டே போனாள். பின்னாலேயே போனேன்.

"உங்க மேல எனக்கு வருத்தம் இல்லைன்னு சொல்ல மாட்டனுங்கண்ணா. நீங்க வேண்டாம்னு சொன்னதுல இல்லைங்க. எப்ப வருவீங்கன்னு கேட்டனே, அதுக்கு ஒரு நாளு சொல்லியிருந்தீங்கன்னா நான் காத்திருந்திருப்பனுங்க. நீங்க பேப்பரு வந்ததும்னீங்க. அப்பறந்தான் நாமதான் பண்ணோணும்னு தெரிஞ்சுது."

"அம்மாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? அண்ணன்தான் பண்ணச் சொன்னார் என்று ஊரெல்லாம் என்னைத்தானே சொல்லியிருப்பார்கள்?" கேட்டு முடிப்பதற்குள்ளேயே எனக்கு வெட்கமாகிவிட்டது. அப்போதும் என்னைப் பற்றித்தான் கேட்டேன்.

சரசு அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். முந்தானையால் முகத்தில் ஒட்டிய தவிட்டைத் துடைத்தாள்.

"உங்களை ஏனுங்கண்ணா சொல்லப் போறாங்க? அண்ணன் வேண்டாம்னுதான் சொன்னாரு, நாந்தான் பேச்சுக் கேக்காமப் பண்ணிட்டேன்னு சொல்லியிருப்பனுங்க."

கூடையில் மிச்சம் இருந்த தீவனத்தை வாங்கி அடுத்த தொட்டியில் போட்டேன். சரியாகப் போடத் தெரியாமல் பாதி கீழே சிந்தியது. அவள் அதைக் கூட்டி அள்ளினாள்.

ஊரில் இருந்த நாட்களில் நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது அம்மாவுக்காகவா, எனக்காகவா என்று கேட்டால் இப்போதும் எனக்குத் தெரியாது. தினமும் யாராவது வருவார்கள், தினமும் அம்மா அந்தக் கதையைச் சொல்வார். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்பேன். அடக்கமான பையன் என்று பேர் வேறு கிடைத்தது.

கிளம்பும் நாளில் ஊர்க் குறுக்குச் சாலையில் பஸ் பிடிக்க வேண்டும். கார் சொல்லலாம் என்றேன். வேண்டாம், நடந்து வந்து ஏற்றிவிட்டுத்தான் போவேன் என்று அம்மா பிடிவாதமாகச் சொன்னார். தடியை வாசலிலேயே சாத்தி வைத்துவிட்டார். சரசு பழக்கத்தில் கையை நீட்டினாள்.

"நீ உடு. அவன் புடிக்கட்டும்," என்று அம்மா என் முழங்கையைப் பற்றிக்கொண்டார். "இது நீ குடுத்த காலு சாமி."

இரண்டு பக்கமும் நிலக்கடலைக் காடு. அம்மா ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தார். எதிரில் வந்தவர்களிடமெல்லாம் என்னைக் காட்டினார். வித்யா திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தாள். கொஞ்ச தூரம் போனதும் எங்களை விட்டு நின்றுவிட்டாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவள், "அத்தை, குடுங்க, நானும் பிடிக்கறேன்," என்று சொல்வது மட்டும் கேட்டது.

சரசு என் பெட்டியைச் சுமந்துகொண்டு எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாள்.